கூட யார் வந்திருக்காங்க?

வாசகர் கேள்வி:

அன்புள்ள மேடம், எனக்கு வயது 58. திருமணம் செய்துகொள்ளவில்லை. பொதுத்துறை காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் வேலை. இன்னும் ஒன்றரை வருஷத்தில் ஓய்வு. நங்கநல்லூரில் மூன்றாவது மாடியில் சொந்த ஃப்ளாட் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது. என்னோடு இருந்த அம்மா போன ஆவணியில் காலமானார். பத்து வருஷம் நான்தான் பார்த்துக்கொண்டேன். இப்போது அந்த வீட்டுக்குள் நுழையவே பிடிக்கவில்லை. ஓய்வுக்குப் பிறகு வேறு ஊருக்குப் போய்விடலாம் என்று இருக்கிறேன். மனதில் மூன்று இடங்கள். ஒன்று கொடைக்கானல், பள்ளிக்கூடச் சுற்றுலா போனதிலிருந்தே ஆசை. இரண்டாவது கோவையில் முதியோருக்கென்று கட்டியிருக்கும் குடியிருப்பு. என்னோடு வேலை பார்த்த சீனியர் அக்கா அங்கே இரண்டு வருஷமாக இருக்கிறார். ஒரு படுக்கையறை வீடு 55 லட்சம், இந்த மாதத்துக்குள் முன்பணம் கட்டினால் குறைத்துத் தருகிறார்களாம். மூன்றாவது கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தம்பி வீடு அங்கே இருக்கிறது. "ஃப்ளாட்டை வித்துட்டு வந்துடுக்கா, மாடியில உனக்கு ஒரு போர்ஷன் கட்டிக்கலாம்" என்கிறான். அவன் மாமியாரும் அங்கேதான், படுத்த படுக்கை. கோயில், தண்ணீர், வெயில், மருத்துவமனை, விலை என்று கட்டம் போட்டு மதிப்பெண் கொடுத்துப் பார்த்தேன். கோவை முதலில் வருகிறது. தனியாக இருக்கும் பெண்ணுக்குப் பாதுகாப்பான ஊர் எது என்ற பயமும் இருக்கிறது. போன வருஷம் ஒரு ராத்திரி எனக்குத் தலைசுற்றி விழுந்தபோது எதிர் வீட்டு அம்மாதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார், அவர் மகள் வந்து என் அம்மாவுக்குத் துணையாகப் படுத்துக்கொண்டாள், அது வேறு விஷயம். எனக்கு எந்த ஊர் சரிப்படும்?

பெயர் வேண்டாம், சென்னை.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அது வேறு விஷயம் இல்லை. உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த ஒரு வரியைத்தான்.

முதியோருக்கு ஆலோசனை சொல்லும் இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் பதினான்கு வருஷம் ஒரு மருத்துவமனையில் மருத்துவ சமூகப் பணியாளராக இருந்தேன். அவசரப் பிரிவு வாசலில் பெயரும் வயதும் கேட்டவுடன் அடுத்து கேட்பது ஒன்றுதான்: "கூட யார் வந்திருக்காங்க?" மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கீழே ஓட ஒரு ஆள் வேண்டும். பணம் கட்ட, ஸ்கேன் அறை வாசலில் நிற்க, கழற்றிய வளையலை வாங்கி மடியில் முடிந்துகொள்ள ஒரு ஆள் வேண்டும். நம் மருத்துவமனைகள் அரசு என்றாலும் தனியார் என்றாலும் அந்த ஆளை நம்பித்தான் ஓடுகின்றன. நினைவோடு இருக்கும் வயது வந்த நோயாளி தன் சிகிச்சைக்குத் தானே கையெழுத்துப் போடலாம், சட்டப்படி அது போதும். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு யாரும் சட்டம் பேச முடியாது. தனியாக வந்த பெண்களை வரவேற்பு மேஜையில் உட்கார வைத்துவிட்டு அவர்களுடைய உறவினர்களுக்கு நானே போன் போட்டிருக்கிறேன். பல பேருக்கு அக்கா மகன் அமெரிக்காவில், அண்ணன் மகள் பெங்களூரில். கடைசியில் வந்து நின்றவர்கள் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

உங்கள் மதிப்பெண் கட்டத்தில் கோயிலுக்கு இடம் இருக்கிறது, வெயிலுக்கு இருக்கிறது. எதிர் வீட்டு அம்மாவுக்கு இல்லை. அவருக்கும் ஒரு கட்டம் போடுங்கள். அந்த ஊரில், கூப்பிட்டால் அரை மணி நேரத்தில் வந்து நிற்கக்கூடியவர்கள் யார் யார்? குறைந்தது மூன்று பெயர் எழுத முடிகிறதா? மூன்று எதற்கென்றால், ஒருவர் அன்றைக்கு ஊரில் இருக்க மாட்டார், இன்னொருவருக்கே உடம்பு முடியாமல் இருக்கும்.

ஊர்களுக்குள் போவதற்கு முன்னால் அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம். உள்ளே நுழையப் பிடிக்கவில்லை என்கிறீர்கள். பத்து வருஷம் ஒரு ஆளைச் சுற்றியே ஓடிய வீடு அது. காலை மாத்திரை, பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள வந்த ஆளோடு மல்லுக்கட்டல், ராத்திரி எழுந்து பார்ப்பது என்று இருந்த கைக்கு இப்போது வேலை இல்லை. வீடு பிடிக்கவில்லையா, அந்த வெறுமை பிடிக்கவில்லையா என்று இப்போது உங்களால் சொல்ல முடியாது, யாராலும் முடியாது. வீட்டில் ஒரு சாவு விழுந்தால் ஒரு வருஷம் பண்டிகை கொண்டாடாமல் இருக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. வீடு விற்பதையும் வாங்குவதையும் அதோடு சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். ஆகவே இந்த மாதத்துக்குள் முன்பணம் என்ற பேச்சே வேண்டாம். அடுத்த மாதமும் அவர்களுக்கு ஏதாவது ஒரு சலுகை இருக்கும்.

சரி, சொந்த ஊர். மூன்றில் சிக்கலானது அதுதான் என்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

"தம்பி வீடு" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வீடு யார் பெயரில் இருக்கிறது? தம்பியே வாங்கியது என்றால் பேச்சு இல்லை. அப்பா கட்டியது என்றால், அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், அம்மாவுக்கும் தம்பிக்கும் உங்களுக்கும் அதில் சம பங்கு. இப்போது அம்மாவும் உயில் எழுதாமல் போயிருந்தால் அவர் பங்கும் பிள்ளைகள் இருவருக்கும் சமமாக வரும். நீங்கள் இருவர் மட்டும்தான் என்றால் ஆளுக்குப் பாதி. தாத்தா வழியில் வந்த பூர்வீகச் சொத்தாக இருந்தாலும் உங்களுக்கு உரிமை உண்டு. 2005இல் நாடு முழுவதற்கும் வந்த சட்டத் திருத்தத்துக்கு முன்பே, 1989 மார்ச் 25 முதல், தமிழ்நாட்டில் அன்றைக்குத் திருமணமாகாமல் இருந்த மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகன்களுக்குச் சமமான உரிமை கிடைத்துவிட்டது. அன்றைக்கு உங்களுக்கு இருபத்தோரு இருபத்திரண்டு வயது இருந்திருக்கும். அதற்கு முன்பே பாகப்பிரிவினை ஆகியிருந்தால் கதை வேறு. (கோயிலுக்கு மதிப்பெண் கொடுத்ததை வைத்து இந்து வாரிசுரிமைச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்கிறேன்.)

ஆக, பாதி உங்களுக்கே சொந்தமான வீட்டின் மாடியில், உங்கள் காசைப் போட்டுக் கட்டி, தம்பி தயவில் இருப்பதாக நினைத்துக்கொண்டு காலம் தள்ளப் போகிறீர்களோ என்னவோ. தாய்ப்பத்திரத்தையும் பட்டாவையும் பாருங்கள், வில்லங்கச் சான்றிதழ் ஒன்று போடுங்கள். இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. அம்மா காரியத்துக்குப் போயிருந்தபோது, வாரிசுச் சான்றிதழுக்கு என்றோ வேறு எதற்கோ என்றோ சொல்லிக் கொடுத்த காகிதம் எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா? பதிவு அலுவலகத்துக்குப் போனீர்களா? தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை, அது விடுதலைப் பத்திரம் என்றே தெரியாமல் எழுதிக் கொடுத்துவிட்டு வந்த அக்கா தங்கைகளைப் பார்த்திருக்கிறேன். எல்லாருமே படித்தவர்கள்.

தம்பி மேல் சந்தேகப்படச் சொல்லவில்லை. பாசத்தோடுதான் கூப்பிடுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியும், இடம் ஒருவர் பெயரில் இருக்க, கட்டடம் இன்னொருவர் பணத்தில் எழும்பினால், பின்னால் சண்டை இந்த இருவருக்குள் வருவதில்லை, அடுத்த தலைமுறையில் வருகிறது. தம்பி மகனுக்குக் கல்யாணம் ஆகும், இடம் போதாது. அப்போது உங்களுக்கு 72 வயது, கையில் ஃப்ளாட்டும் இருக்காது. அங்கே போவதாக இருந்தால் பாகத்தைப் பத்திரமாகப் பிரித்துப் பதிவு செய்துவிட்டு உங்கள் பாகத்தில் கட்டுங்கள். அதுவும் தரைத்தளத்தில். மூன்றாவது மாடியிலிருந்து தப்பித்து இன்னொரு மாடிக்கா போவீர்கள்?

பின்னால் என்றைக்காவது தம்பிக்கோ அவர் பிள்ளைகளுக்கோ சொத்தை எழுதிக் கொடுக்க விரும்பினால், என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். 60 வயது கடந்தவர் அப்படி எழுதிக் கொடுத்து, பராமரிப்பு கிடைக்கவில்லை என்றால், 2007ஆம் ஆண்டின் பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். நிபந்தனை வாய்ப்பேச்சாக மட்டும் இருந்தால் நிரூபிக்கத் திண்டாட வேண்டும்.

இதையெல்லாம்விட என்னை உறுத்தியது நீங்கள் போகிற போக்கில் எழுதிய மாமியார் விஷயம். பத்து வருஷம் அம்மாவைப் பார்த்துக்கொண்ட கை உங்களுடையது என்று குடும்பம் முழுக்கத் தெரியும். திருமணமாகாத அக்கா ஓய்வும் பெற்றுவிட்டு வீட்டோடு வந்து இருக்கிறாள். யாரும் கேட்கக்கூட மாட்டார்கள். ஒரு நாள் தம்பி மனைவி கல்யாணத்துக்குப் போவார், இன்னொரு நாள் வங்கிக்கு. மூன்றாவது மாதம் அந்த அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டுவது உங்கள் வேலையாகியிருக்கும். அதில் உங்களுக்கு மனநிறைவு இருக்கிறதென்றால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் தெரிந்து போங்கள். என் பெரியம்மா ஒருவர் இப்படித்தான், தன் அம்மா, அண்ணி, அண்ணியின் அம்மா என்று வரிசையாக மூன்று பேரைப் பார்த்து அனுப்பினார். அவருக்கு முடியாமல் போனபோது மாதச் சம்பளத்துக்கு ஆள் வைத்தார்கள்.

கொடைக்கானல் பற்றி நிறைய எழுதத் தேவையில்லை. ஆசை நல்ல ஆசை, வீடு வாங்க மட்டும் வேண்டாம். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். அறுபதில் ரம்மியமாக இருக்கும் குளிர் எழுபத்தைந்தில் முட்டியிலும் மூச்சிலும் தெரியும். சமாளிக்கக்கூடிய வைத்தியம் மேலேயே கிடைக்கும். நெஞ்சுவலி, பக்கவாதம் என்றால் வளைந்து வளைந்து மலையிறங்கி மதுரைக்குப் போக வேண்டும், கிட்டத்தட்ட 120 கிலோமீட்டர். பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். வண்டி கிடைத்து, மூடுபனியில் இறங்கி, ஸ்கேன் எடுத்து முடிப்பதற்குள் அந்த நேரம் கரைந்துவிடும். 2024 மே முதல் வெளியூர்க்காரர்கள் வண்டியில் மலையேற இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும். உங்களைப் பார்க்க வருபவர்களுக்கு அதுவும் ஒரு சாக்கு. சுற்றுலா போனது மே மாதமாக இருந்திருக்கும். நவம்பர் மழையில் பத்து நாள் அறை எடுத்துத் தங்கிப் பாருங்கள், துணி காயாமல் இருப்பதைப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் வருஷத்துக்கு ஒரு மாதம் வாடகைக்குப் போய் வாருங்கள். அந்தச் செலவை உங்கள் ஓய்வூதியம் தாங்கும்.

கோவைக்கு வருவோம். உங்கள் கட்டம் கோவையை முதலில் வைத்ததில் தப்பில்லை. இந்த வகைக் குடியிருப்புகளில் கோவைக்கு நல்ல பழக்கம் உண்டு, இந்தியாவிலேயே அதிகமாக இவை வந்த ஊர்களில் அதுவும் ஒன்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றால் ஆனி, ஆடியில் சென்னைக்காரர்கள் பொறாமைப்படும்படி இருக்கும். பெரிய மருத்துவமனைகள் இருக்கின்றன. 2023 ஏப்ரலிலிருந்து வந்தே பாரத் ஓடுகிறது, ஆறு மணி நேரத்தில் சென்னை. எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் சீனியர் அக்கா அங்கே இருக்கிறார். மூன்று பெயரில் ஒன்று தயார்.

ஆனால் அவர் வயது என்ன? 62, 63 இருக்கும். உங்களைவிட மூத்தவரை நம்பி ஒரு ஊருக்குப் போவது தப்பில்லை, அவரை மட்டும் நம்பிப் போவதுதான் தப்பு.

இந்தக் குடியிருப்புகள் பல மாதிரி. சிலவற்றில் வீடும் மனையின் பிரிக்கப்படாத பாகமும் (யூ.டி.எஸ். என்பார்கள்) உங்கள் பெயருக்குக் கிரயமாகும். சிலவற்றில் ஒரு தொகையை வைப்பாகக் கட்டிவிட்டு ஆயுள்வரை இருக்கலாம், கிரயம் கிடையாது. வெறும் வாடகைக்கும் சில இடங்களில் கிடைக்கும். 55 லட்சம் எதற்கு என்று முதலில் எழுத்தில் வாங்குங்கள். கட்டிக்கொண்டிருக்கும் திட்டம் என்றால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவான எண்ணைக் கேளுங்கள். மாதப் பராமரிப்புக் கட்டணம் தனி, சாப்பாடு தனி, இரண்டும் வருஷா வருஷம் ஏறும். கடந்த ஐந்து வருஷத்தில் எவ்வளவு ஏறியது என்று கேட்டால் விற்பனைப் பிரிவு சிரித்து மழுப்பும். அங்கே குடியிருப்பவர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து காட்டுவார். இவ்வளவு வயதுக்கு மேற்பட்டவர்தான் குடியிருக்கலாம் என்ற விதி இருந்தால் பிற்பாடு விற்கும்போது வாங்க வருபவர்களும் குறைவு. தம்பி மகனுக்கு விட்டுப்போக நினைத்தால் அவர் அதில் குடியிருக்க முடியாது, விற்கத்தான் முடியும்.

நான் ஆலோசனை சொல்லப் போகும் இடங்களில் பெண்களிடம் தவறாமல் சொல்வது, சொல்லாமல் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்குப் போங்கள் என்பதுதான். ஞாயிற்றுக்கிழமை பாயசம் உண்டு, அன்றைக்குப் போனால் ஒன்றும் தெரியாது. சாப்பாட்டுக் கூடத்தில் யார் யாரோடு உட்கார்கிறார்கள் என்று பாருங்கள். இவ்வகைக் குடியிருப்புகளில் தம்பதிகள் சேர்ந்து சேர்ந்து உட்காரும் பழக்கம் உண்டு. தனியாக இருக்கும் பெண்கள் ஒரு மேஜையாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தால் அது நல்ல இடம். தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்ச் சாப்பிடுகிறார்கள் என்றால் யோசியுங்கள். அப்புறம் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் செவிலியர் இருக்கிறாரா, காவலாளி மட்டும்தானா? படுக்கையில் விழுந்தால் அங்கேயே வைத்துப் பார்ப்பார்களா, வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்வார்களா? "சுயமாக நடமாடும்வரை" என்ற சொல் ஒப்பந்தத்தில் எங்கேயாவது ஒளிந்திருக்கும், தேடிப் பாருங்கள். வடவள்ளி, தொண்டாமுத்தூர் பக்கம் மலையடிவாரத்தில் இடம் என்றால் படத்தில் அழகாக இருக்கும். அங்கிருந்து அவிநாசி சாலையில் இருக்கும் மருத்துவமனைக்கு மாலை ஆறு மணிக்கு வாடகைக் காரில் ஒருமுறை போய்ப் பாருங்கள். அந்தப் பக்கத்து ஊர்களில் யானை இறங்கும் என்பதையும் விற்பனைத் தாளில் போட்டிருக்க மாட்டார்கள். நடைப்பயிற்சியை விடியும்முன் வைத்துக்கொள்பவராக இருந்தால் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமாக, சேர்க்கைப் படிவத்தில் அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர், பொறுப்பேற்பவர் என்று ஒரு கட்டம் இருக்கும். மகன், மகள் பெயரை எதிர்பார்த்து அச்சடித்தது. தோழி பெயரை ஏற்பார்களா என்று கேளுங்கள். மருத்துவமனையில் சேர்க்கும்போது குடியிருப்பு ஊழியர் கூட வந்து நிற்பாரா, எத்தனை மணி நேரம் நிற்பார், அதற்குக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். தயங்காமல் தெளிவாகப் பதில் சொல்லும் இடமாக இருந்தால், மற்ற குறைகளை நான் கொஞ்சம் பொறுத்துக்கொள்வேன்.

இதில் எதையும் விலைக்கு வாங்கித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆறு மாதம் வாடகைக்குப் போங்கள். அக்கா இருக்கும் குடியிருப்பிலேயே யாராவது வாரிசுகள் பூட்டி வைத்திருக்கும் வீடு கிடைக்கும். அதுவரை நங்கநல்லூர் ஃப்ளாட்டை விற்க வேண்டாம்.

நீங்கள் எழுதாத நான்காவது இடம் ஒன்றும் இருக்கிறது. அதே தெருவில், அல்லது இரண்டு தெரு தள்ளி, லிஃப்ட் உள்ள வீடு. சென்னையின் வெயிலும் தண்ணீர்த் தொல்லையும் போகாது. மாடிப்படி போகும். அம்மா அறை போகும். எதிர் வீட்டு அம்மா நடந்து வரும் தூரத்தில் இருப்பார். வருஷக்கணக்காகப் பார்க்கும் மருந்துக்கடைக்காரர், கீரைக்காரர், உங்கள் ரத்த அழுத்தத்தின் சரித்திரம் தெரிந்த டாக்டர் எல்லாரும் இருப்பார்கள். கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024இல் திறந்திருக்கிறார்கள், உங்களுக்கு மெட்ரோ தூரம். ஊர் மாறுவது என்றால் தூரமாகப் போவது என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். மூன்று மாடி கீழே இறங்கினாலே போதுமானவர்கள் நிறையப் பேர் உண்டு. நீங்கள் அப்படிப்பட்டவரா என்பது ஆறு மாதக் கோவை வாசத்தில் தெரிந்துவிடும். எதிர் வீட்டு அம்மாவுக்கு வாரத்துக்கு எத்தனை முறை போன் செய்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

பாதுகாப்பு பயத்துக்கு நேரடியாகப் பதில் சொல்கிறேன். ஊரை வைத்து அதைச் சொல்ல முடியாது. நான் பார்த்தவரை தனியாக இருக்கும் வயதான பெண்களை ஏமாற்றியவர்களில் பலர் கதவை உடைத்து வந்தவர்கள் இல்லை, கதவைத் திறந்து உள்ளே விடப்பட்டவர்கள். முதலீட்டுக்கு யோசனை சொல்ல வந்தவர், கையெழுத்துக் கேட்ட உறவினர், இப்போது போனில் வரும் போலிக் காவல் அதிகாரி. எந்த ஊரில் இருந்தாலும் தினமும் காலையில் ஒருவருக்கு ஒரு வணக்கம் அனுப்பும் ஏற்பாடு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மணிக்குள் வராவிட்டால் அவர் கூப்பிட வேண்டும். முதியோர் உதவி எண் 14567 ஐ போனில் போட்டு வையுங்கள். புது ஊரில் வாடகைக்கு வீடு கேட்டால் "தனியாவா இருக்கீங்க?" என்பார்கள், சைவமா அசைவமா என்பார்கள், யார் யார் வருவார்கள் என்பார்கள். 58 வயதில் இதற்குப் பதில் சொல்வது எரிச்சல்தான். முன்னாலேயே அங்கு இருக்கும் ஒருவர் மூலமாகப் போனால் கேள்விகள் பாதியாகக் குறையும்.

இனி காகிதங்கள். எந்த ஊர் என்றாலும் இவை வேண்டும், இதற்கு ஓய்வு வரை காத்திருக்கவும் தேவையில்லை.

உயில் எழுதுங்கள். இரண்டு சாட்சிகள் போதும். பதிவு கட்டாயம் இல்லை, செய்தால் நல்லது. உங்களுக்கு அப்பா அம்மா இல்லாததால், உயில் இல்லையென்றால் சொத்து அப்பாவின் வாரிசுகளுக்கு, அதாவது தம்பிக்குப் போகும். அதுதான் விருப்பம் என்றாலும் எழுதி வையுங்கள். இதைப் படிக்கும், கணவரை இழந்த, பிள்ளையில்லாத வாசகிகளுக்கும் ஒரு சேதி. நீங்கள் சொந்தமாகச் சம்பாதித்த சொத்தும் உயில் இல்லையென்றால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதலில் கணவரின் வாரிசுகளுக்குத்தான் போகும். அப்பா, அம்மாவிடமிருந்து வாரிசுரிமையாக வந்தது மட்டும் அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பும். இது தெரியாமல், கடைசிவரை பார்த்துக்கொண்ட தங்கைக்கு வீடு போகும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

யாருக்காவது பவர் (உங்கள் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதிக் கொடுத்துவிட்டால் முடியாத காலத்தில் அவர் பார்த்துக்கொள்வார் என்று நினைப்பீர்கள். மூளை தெளிவு தவறிவிட்டால் சட்டப்படி அந்தப் பவரும் முடிந்துவிடும். எது அவசியமோ அப்போதுதான் அது உதவாது. அதனால் மருத்துவமனைச் செலவுக்கு மட்டும் ஒரு தொகையை, நம்பிக்கையானவரோடு சேர்ந்த கணக்கில், இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற ஏற்பாட்டில் வையுங்கள். பெரிய பணம் வேறு கணக்கில் இருக்கட்டும்.

மூன்றாவது, குணமாக வழியில்லாத கட்டத்தில் என்ன சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் ஆவணம். 2018இல் உச்ச நீதிமன்றம் இதை அனுமதித்தது, 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி இருந்தால் போதும். அந்த நேரத்தில் உங்களுக்காகப் பேச வேண்டியவர்கள் பெயரையும் அதில் எழுதலாம். பிள்ளைகள் இருப்பவர்களைவிட உங்களுக்கும் எனக்கும் இது அதிகம் தேவை. நானும் ஒண்டிக்கட்டைதான், எழுதி வைத்திருக்கிறேன்.

பண விஷயம் நீங்கள் காப்பீட்டு அலுவலகத்தில் இருப்பவர், பெரிதாகச் சொல்லத் தேவையில்லை. அலுவலகக் குழு மருத்துவக் காப்பீடு ஓய்வுக்குப் பிறகும் தொடருமா, எவ்வளவு தொகைக்கு என்று பாருங்கள். போதாது என்றால் தனியாக ஒன்றை இப்போதே எடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று வருஷம் என்று 2024 ஏப்ரலில் குறைத்திருக்கிறார்கள். 58இல் எடுத்தால் 61இல் தலைசுற்றல், சர்க்கரை எல்லாம் உள்ளே வந்துவிடும். எழுபது வயதானால் வருமானம் பார்க்காமல் வருஷத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சைக்கு மத்திய அரசின் ஆயுஷ்மான் அட்டைத் திட்டம் இருக்கிறது, அப்போது நம் மாநிலத்தில் கிடைக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஓய்வுத் தொகையில் 30 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், வட்டி 8.2 சதவீதம் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். போடும் அன்றைக்கு இருக்கும் வட்டி ஐந்து வருஷத்துக்கு மாறாது. ஒருநாள் ஃப்ளாட்டை விற்றாலும், லாபத்தில் வேறு வீடு வாங்க இரண்டு வருஷ அவகாசத்தோடு வரிச்சலுகை இருக்கிறது. வருமானவரிக் கணக்கு தாக்கல் செய்வதற்குள் வாங்காவிட்டால் பணத்தை அதற்கென்று உள்ள வங்கிக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும், அவ்வளவுதான். விற்ற கையோடு வாங்காவிட்டால் வரி என்று யாராவது அவசரப்படுத்தினால் உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள்.

ஆவணி வரை எதையும் விற்கவும் வாங்கவும் வேண்டாம். அதற்குள் சேர்த்து வைத்திருக்கும் விடுப்பில் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு கோவைக்குப் போய் அக்காவோடு தங்கிவிட்டு வாருங்கள். கொடைக்கானலுக்கு நவம்பரில். ஓய்வு பெற்றதும் ஆறு மாதம் கோவையில் வாடகைக்கு. ஃப்ளாட் சாவி ஒன்று எதிர் வீட்டு அம்மாவிடமே இருக்கட்டும், அவர் மகளுக்கு இந்தத் தீபாவளிக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுங்கள். ஊர் வீட்டுப் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள். தம்பியிடம் என்ன பேசுவது, எப்படிப் பேசுவது என்பதை அப்புறம் பார்க்கலாம்.